அம்மா நேராக நடந்த பாதை

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் லாயாங் லாயாங் பக்கம் போயிருக்கிறீர்களா? எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களின் மேல் வெள்ளையாக ஒன்று படுத்திருக்கும். புகை என்றும் சொல்ல முடியாது, மழை என்றும் சொல்ல முடியாது. வெயில் ஏறினால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடும்.

அப்படி ஒரு காலையில், ஓர் ஓடைக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

எதிரே பழைய ரப்பர்க் காடு. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, ஓடையை ஒட்டிய மேட்டு நிலம் என்பதால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். பால் மரங்கள் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து, கொடிகளோடும் பெயர் தெரியாத மரங்களோடும் கலந்துவிட்டன. அதன் மறுமுனையில்தான் அம்மாவை இறக்கிவிட்டிருந்தேன். அவர் இடுப்பில், நடக்கும் வழியைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவியைக் கட்டி, “மரத்துல செவப்பு ரிப்பன் கட்டியிருக்கும்மா, அதையே பார்த்து வா,” என்று சொல்லிவிட்டு, செம்பனைச் சாலையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தேன்.

முதலில் ஓசைதான் வந்தது. ஈரச் சருகை மிதிக்கும் ஓசை. வலப்பக்கம் கேட்டது. பிறகு இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். இரண்டு பேர் வருகிறார்களோ என்று நினைத்தேன்.

வந்தது அம்மா மட்டும்தான். கடைசி ரிப்பன் ஓரிடத்தில் இருந்தது, அம்மா வேறோரிடத்தில் வெளிப்பட்டார். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் நீலச் சட்டை தெரிந்தது, பிறகு முகம். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் மடங்கி இருந்தன. கையில் ஒன்றும் இல்லை.

“ரிப்பனைப் பார்க்கலையாம்மா?”

“பார்த்தேனே. எவனோ கிறுக்கன் மேட்டு உச்சியில கட்டி வெச்சிருக்கான்.”

“நான்தாம்மா கட்டுனேன்.”

அம்மா சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார்.

“ரிப்பன் நல்ல கலரு,” என்றார்.

பச்சைக் கோடு

சென்ற வாரம் என் முதல் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நில அளவை படித்தவருக்குக் காட்டில் ரிப்பன் கட்டுகிற வேலையா?” ஆமாம் அக்கா, அதேதான். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாநில அரசு மக்களை நடக்க வைப்பது என்று முடிவெடுத்திருந்த காலம் அது. எங்கு பார்த்தாலும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், ரத்த அழுத்தம். மாவட்டத்துக்கு ஒரு பொது நடைபாதையாவது வேண்டும், அதில் குடும்பம் குடும்பமாக வந்து நடக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். துண்டுப் பிரசுரம் ஒன்று அச்சாகி வந்தது. அதில் ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், காலில் வெள்ளை வெளேரென்று சப்பாத்து போட்டுக்கொண்டு சிரித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். செம்மண் நிலத்தில் அந்தச் சப்பாத்து எத்தனை நிமிடம் வெள்ளையாக இருக்கும் என்பதே என் முதல் சந்தேகமாக இருந்தது.

பாதைகளுக்கு மூன்று நிறம். எல்லாரும் நடக்கக்கூடியது பச்சை. பழகியவர்களுக்கு மஞ்சள். சிவப்பு, மலையேறுகிறவர்களுக்கு. அந்த ஆண்டு பச்சைப் பாதைகளுக்கு மட்டும்தான் ஒதுக்கீடு. மற்றவை கோப்புக்குள் போகும். கோப்புக்குள் போன பாதையில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பாதைகள் போட்டியில் இருந்தன. ஒன்று, புதிய வீடமைப்புப் பகுதியில் குளத்தைச் சுற்றிப் போகும் சிமெண்டுப் பாதை. கார் நிறுத்த இடமும் சாப்பாட்டுக் கடையும் ஏற்கனவே இருந்தன. இன்னொன்று, என் ரப்பர்க் காடு. ‘என்’ என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்து, கோடு போட்டு, முட்கொடியில் கை கிழிய ரிப்பன் கட்டியவன் நான். ஆறு மாத ஒப்பந்த வேலையில் நான் சொந்தமாகச் செய்த முதல் காரியம் அது. குளத்துப் பாதைக்கு நான் தேவையே இல்லை. அதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கலாம்.

முதல் சோதனை நடைக்கு எங்கள் அலுவலக வேன் ஓட்டுநர் அஸ்மானை அனுப்பினோம். நல்ல மனிதர், நல்ல உடம்பு. என் ரிப்பன் வழியாகப் போனவர், மேட்டு உச்சியில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அலமாக்! தம்பி, இது உலாவுற இடம் இல்ல, கமாண்டோ பயிற்சி,” என்றார் மலாயில். ‘தம்பி’ மட்டும் தமிழ். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது, அதையும் மூச்சு வாங்கித்தான் சொன்னார்.

எங்கள் அதிகாரி புவான் ரொஹானா அறிக்கையைப் பார்த்தார். மலாயில் ‘புவான்’ என்றால் திருமதி. “அஸ்மான் மாடிப்படி ஏறினாலே இப்படித்தான். இன்னொருவரைப் பார். ஐம்பது தாண்டியவர், விளையாட்டுப் பழக்கம் இல்லாத சாதாரண ஆள். தனியாக நடக்கட்டும். அவரும் திணறினால் மஞ்சள் போட்டுவிடு. வியாழக்கிழமை பட்டியல் போகிறது.”

ஐம்பது தாண்டிய சாதாரண ஆள். எனக்கு உடனே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஓய்வு என்றால் உட்காருவது

அம்மா செனாயில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கொஞ்ச காலம் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால் மரம் சீவியவர். தோட்டம் லாயாங் லாயாங் பக்கம் என்று தெரியும். எந்த மூலை என்று நான் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிப் படிப்பு, தாண்டியவன் நான்தான். டிப்ளமா பட்டமளிப்புப் படம் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சில நாள் அதற்கும் ஊதுபத்தி காட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடக்க வர வேண்டும் என்று சொன்னபோது, காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

“எதுக்கு?”

“சும்மா நடக்கிறதுக்கு.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. ஓய்வா நடக்கிறது. கவர்மெண்டு திட்டம்மா.”

“ஓய்வுன்னா உட்கார்றதுடா. நடக்கிறது எப்படி ஓய்வாகும்?” கத்தரிக்காய்க் காம்பைத் தூக்கிப் போட்டார். “இதுக்கா டிப்ளமா? நடக்கிறதுக்கு?”

இன்றும் மேடையில் யாராவது உடற்பயிற்சியின் பயன்களை விளக்கும்போது அந்தக் காம்பு என் கண்முன் பறக்கும். நாள் முழுக்கத் தொழிற்சாலை நடைவழியில் துடைப்பத்தோடு நடக்கிறவரிடம், விடுமுறை நாளில் இலவசமாக நடங்கள் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு இருந்தது அறியாமை.

கடைசியில், “வியாழக்கெழமைக்குள்ள முடியலன்னா என் பாதை போயிடும்மா,” என்றேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “ஒம் பாதையா?”

“ஆமா.”

“அப்படின்னா வர்றேன். திரும்பி வர்றப்ப மார்க்கெட்ல எறக்கி விட்டுடு.”

பாம்பு போன தடம்

ஓடைக்கரைக்குத் திரும்புகிறேன்.

கருவியைக் கழற்றித் திரையைப் பார்த்தேன். என் கோடு ஒரு குச்சி போல இருக்கும். அம்மா வந்த கோடு அதைத் தொடவே இல்லை. கீழே விலகி, இடமும் வலமுமாக மடிந்து மடிந்து, பாம்பு போன தடம் மாதிரி கிடந்தது. தூரம் என் கணக்கைவிட நன்றாகவே கூடியிருந்தது.

“ஏம்மா இப்படிச் சுத்தி வந்த?”

“எங்கடா சுத்துனேன்? நேராத்தான் வந்தேன்.”

“இதப் பாரு. மெஷின் சொல்லுது.”

அம்மா திரையை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். “மெஷின் நடந்துச்சா, நான் நடந்தேனா?”

“ரிப்பனைப் பார்த்து வந்திருந்தா—”

“அந்த மேட்டுல எவன்டா ஏறுவான்?”

அம்மாவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, “நான் நேராத்தான் வந்தேன்,” என்று மறுபடி சொல்லிவிட்டு மீன் கடைப்பக்கம் போனார். என் மேல் கோபம் இருந்தால் அம்மா மீன் வாங்குவார். எனக்கு மீன் பிடிக்காது.

அன்று மதியம் கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வாசத்தின் நடுவே உட்கார்ந்து யோசித்தேன். கருவி பழுது என்று எழுதிவிடலாம். அல்லது நானே ஒரு தரம் வேகமாக நடந்து, அந்த நேரத்தைப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. குச்சி மாதிரியான அழகான கோடு. பச்சை. அந்த யோசனை எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு வாளித் தண்ணீர்

திங்கட்கிழமை பொய்க் கோட்டோடு அலுவலகம் போகவில்லை. பாம்புக் கோட்டோடு, “கருவியில் ஏதோ கோளாறு” என்று சொல்லத் தயாராகிப் போனேன். பாதிப் பொய்.

புவான் ரொஹானா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். கருவி ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்யும். அதைத் திரையில் விரித்தார். என் ரிப்பன் வழி, கூரை மாதிரி ஏறி இறங்கியது. அம்மா வந்த வழி, தூங்குகிறவரின் மூச்சு மாதிரி, ஏறியதே தெரியாமல் ஏறி இறங்கியதே தெரியாமல் இறங்கியது.

“யார் நடந்தது?”

“ஒரு... சாதாரண அம்மா. தொழிற்சாலைத் துப்புரவாளர்.”

“அதற்கு முன்னால்?”

“பால் மரம் சீவினார்.”

புவான் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பெக்கான் நானாஸ்காரர். அன்னாசித் தோட்டத்தில் அப்பா கூடை கூடையாகப் பழம் சுமந்ததை எப்போதாவது சொல்வார். என்னைப் பார்த்து, “இரண்டு வாளி எடுத்துக்கொள். நிறையத் தண்ணீர் பிடி. முதலில் உன் வழியில் போ, அப்புறம் அந்த அம்மா வழியில் போ. வந்து சொல்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை. அலுவலகக் கழிவறைக் குழாயில் நான் வாளி நிரப்புவதைப் பார்த்து அஸ்மான், “தம்பி, காட்டுலயா குளிக்கப் போறே?” என்று கேட்டார். வேன் குலுங்கியதில் தண்ணீர் பாதி சிந்த, ஓடையில் மறுபடி நிரப்பினோம்.

என் ரிப்பன் வழியில் மேட்டுப் பாதியிலேயே கால்சட்டை நனைந்துவிட்டது. உச்சிக்குப் போனபோது வாளிகளில் இருந்தது என் கர்வத்தின் அளவுக்குக் கூட இல்லை. மேலே நின்று, கையில் காலி வாளியோடு, அடிவாரத்தில் அஸ்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைக் கேட்டேன்.

பிறகு ஓடையில் வாளிகளை மறுபடி நிரப்பி, அஸ்மான் வேனை மெதுவாக ஓட்ட மறுமுனைக்குப் போய், அம்மாவின் கோட்டைக் கருவியில் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

அந்த நடையை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பத்து எட்டு வைத்தால் கோடு திரும்பும். திரும்புகிற இடத்தில் ஒரு பால் மரம் நிற்கும். பட்டையில் கத்தி இறங்கிய பழைய தழும்புகள், ஊறித் தடித்து, பாசி பிடித்து, ஈரமாக. மறுபடி கோடு திரும்பும். மறுபடி ஒரு மரம். ஓரிடத்தில் மரம் இல்லாமலே திரும்பியது. அங்கே என்ன என்று பார்த்தேன். சருகு மூடிய ஒரு பள்ளம் இருந்தது. எப்போதோ ஒரு மரம் சாய்ந்த பள்ளம்.

இடமும் வலமும் போய்க்கொண்டே, மேட்டை ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டே, வெளிச்சம் இலைகளுக்குள் பச்சையாகக் கரைந்திருக்க, நேரம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. ஓடைச் சத்தம் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு வாளியும் ஏறக்குறைய நிறைந்தபடியே இருந்தன. என் கைகள் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் மடங்கி இருந்தன.

பால் நிறைந்த இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு நடந்தவர்கள் மேட்டில் ஏறியிருக்க மாட்டார்கள். சிந்தினால் சம்பளம் போச்சு.

அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அது நீ வெட்டுன நெரையாம்மா?” ஒருவருக்கு என்று ஒதுக்கிய மர வரிசையைத் தோட்டத்தில் நிரை என்பார்கள்.

“பாதிதான். மீதி ஓடைக்கு அந்தாண்ட.”

“ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா? ஏன் சுத்தி வந்தன்னுதானே கேட்ட.”

“பழைய ஞாபகம்லாம் வந்துச்சா?”

“வந்துச்சு. கொசு.” சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “அதே கொசுங்கதான் இன்னும் இருக்கு போல.”

“அப்ப நெரையில வளைஞ்சு வளைஞ்சுதானே வந்த?”

“நெரைன்னா நேராத்தான்டா இருக்கும்,” என்றார் அம்மா, படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

உறவு என்ற கட்டம்

சோதனை நடைப் படிவத்தில், நடந்தவருக்கும் அலுவலருக்கும் உறவு உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டிருந்தேன். புதன்கிழமை காலை அதில் ‘தாய்’ என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். தாமதமாக எழுதியதற்கு ஒரு பாட்டு கேட்க வேண்டியிருக்கும், பாதையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

புவான் படித்தார். “இந்த நடை செல்லாது,” என்றார். “சொந்தக்காரர்கள் சோதிக்கக் கூடாது. ஆனால் பாதை செல்லும். ரிப்பனை மாற்றிக் கட்டு. அஸ்மான் மறுபடி நடக்கட்டும். இன்றைக்கே.”

மேட்டிலிருந்த ரிப்பன்களை அவிழ்த்து, வளைவுக்கு ஒன்றாக அம்மாவின் மரங்களில் கட்டினேன். மதியத்துக்குமேல் அஸ்மான் கிளம்பினார். நான் அதே ஓடைக்கரையில் காத்திருந்தேன். வலப்பக்கம் ஒரு சருகுச் சத்தம். இடப்பக்கம் ஒரு சருகுச் சத்தம். இம்முறை அதோடு சேர்த்து, ராகம் பிடிபடாத ஒரு முணுமுணுப்பும் வந்தது. பாடிக்கொண்டே வந்தார் மனிதர். மூச்சு வாங்குகிறவரால் பாட முடியாது.

“முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். “இன்னும் இருக்கும்னு நெனச்சேன்.”

வியாழக்கிழமை பட்டியல் போனது. எங்கள் காட்டுக்கு நேரே பச்சை.

இன்னொரு போத்தல்

சரளைக் கல் கொட்டி, ஓடைக்குக் குறுக்கே பலகைப் பாலம் போட்டு, முகப்பில் பச்சைப் பலகை நட்டு முடிக்க மாதங்கள் ஆயின. திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடாரம், ஒலிபெருக்கி, ஆளுக்கொரு பச்சை டி-சட்டை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். துண்டுப் பிரசுரத்தில் இருந்ததைப் போலவே குடும்பங்கள் வந்திருந்தன. சப்பாத்துகள் மட்டும் நிஜமான சப்பாத்துகள்.

அம்மா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். பிறகு, “புவான் கூப்பிட்டாங்கன்னியே, மரியாதை இல்லாமப் போயிடும்,” என்று பஞ்சாபி உடைக்கு மேலே டி-சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரவுச் சந்தையில் வாங்கிய சப்பாத்து. புவான் ரொஹானா அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “மக்சிக் முன்னால போங்க,” என்றார், சொந்த அத்தையைக் கூப்பிடுவது போல. அம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பேச்சு முடிந்து கூட்டம் நடக்கத் தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் அம்மா நின்றுவிட்டார். சரளைப் பாதை வெள்ளையாக இடமும் வலமும் மடிந்து மடிந்து மரங்களுக்குள் போவதை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“எவன்டா இப்படி வளைச்சு வளைச்சுப் போட்டது? நெரை மாதிரி நேராப் போட்டிருக்கக் கூடாது?”

“நீதாம்மா போட்ட.”

“போடா.”

“சத்தியமா. இது ஒன் நெரைதான்.”

அம்மா பக்கத்து மரத்தின் தழும்பைப் பார்த்தார். அடுத்த மரத்தைப் பார்த்தார். மரம் இல்லாத வளைவில் அவர் பார்வை ஒரு நொடி கூடுதலாக நின்றது. பின்னால் கூட்டம் தேங்க ஆரம்பித்தது. அஸ்மான், “தம்பி, ஜாம் ஆகுது லா!” என்று கத்தினார்.

அம்மா திரும்பி என்னிடம் இடது கையை நீட்டினார்.

“ஒம் போத்தலக் குடு.”

“தாகமா? கையிலதான் ஒண்ணு இருக்கே.”

“தாகம் இல்ல. ஒரு கையில மட்டும் இருந்தா சாயுது.”

கொடுத்தேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். தோள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, யாரையும் பார்க்காமல், மரத்துக்கு மரம் நேராக நடந்தார். அவர் திரும்பிய இடத்திலெல்லாம் எங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை பச்சைச் சட்டைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின.